கையெழுத்துக்கு முன் பிறந்த தேதியைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, நான் இரும்பையில் வீடு கட்டித் தரும் சின்ன காண்டிராக்டர். கத்தோலிக்கக் குடும்பம். கீழ்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் பெயின்டர் ஒருவர் பல வருடமாக என்னிடம் வேலை செய்கிறார். 1990-ல் படகில் வந்தவர். மனைவி 1984-ல் மண்டபம் முகாமில் பிறந்தவர். மகள் 2004 ஆகஸ்டில் பிறந்தாள், நர்சிங் முடித்துவிட்டாள். வளைகுடாவில் வேலை இருக்கிறதாம், பாஸ்போர்ட்தான் இல்லை. மகன் 2008-ல் பிறந்தவன். “அண்ணா, உங்கட சொந்தக்காரப் பிள்ளை எண்டு ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்கோ, மிச்சத்தை ஏஜென்ட் பாத்துக்கொள்ளுவான்” என்று கேட்கிறார். என் மனைவி, அந்நியரை ஏற்கச் சொல்லும் மத்தேயு 25-ஐக் காட்டிப் போடச் சொல்கிறாள். தம்பி உரோமையர் 13-ஐக் காட்டித் தடுக்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?
— பெயர் வேண்டாம், இரும்பை

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். ஆனால் உங்கள் தம்பி சொல்லும் காரணத்துக்காக அல்ல.

அந்தக் கையெழுத்தால் வரும் ஆபத்து உங்களோடு நிற்காது. இந்தியக் குடியுரிமை இல்லாத ஒருவர் அதை மறைத்து இந்தியப் பாஸ்போர்ட் வாங்கினால், 1967-ம் வருடப் பாஸ்போர்ட் சட்டப்படி குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஐந்தாண்டு சிறை. விமான நிலையத்தில் மாட்டப்போவது அந்தப் பெண்தான். ஏஜென்ட் அன்றைக்குப் போனை எடுக்க மாட்டான். அந்த ஆபத்தை அவள் தலையில் இறக்கி வைக்கும் உதவியை இரக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் மனைவி லேவியர் 19-ஐயும் ஒருமுறை வாசிக்கட்டும். உங்களோடு தங்கும் அந்நியரை உங்களைப் போலவே நேசியுங்கள் என்ற கட்டளை முடிந்ததும், அடுத்த வசனமே அளவிலும் எடையிலும் ஏமாற்றாதே என்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்தவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும்.

இனி உங்கள் தம்பிக்கு. உரோமையர் 13-ல் அதிகாரத்துக்குப் பணியுங்கள் என்று எழுதிய அதே பவுல், எருசலேமில் சாட்டையடிக்குக் கட்டியபோது தான் உரோமைக் குடிமகன் என்று சொல்லி அடியை நிறுத்தினார். பிலிப்பியில் விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள், மறுநாள் அவரைச் சத்தமில்லாமல் அனுப்பிவிடப் பார்த்தார்கள். நேரில் வந்து அழைத்துப் போகச் சொல்லுங்கள் என்று அடம்பிடித்தார். கடைசியில் வழக்கை சீசர் வரை கொண்டுபோனார். சட்டத்தை மதிப்பதென்றால் அதன் முன்னால் தலையைக் குனிந்து நிற்பது மட்டும் என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. சட்டம் தரும் உரிமையைக் கடைசிவரை கேட்பதும் அதில் சேர்த்திதான். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2241-ம் பத்தியில் இரண்டு பக்கத்தையும் சொல்கிறது: வசதியுள்ள நாடுகள் முடிந்த அளவு அந்நியரை ஏற்க வேண்டும், வந்தவர் அந்த நாட்டுச் சட்டத்தை மதிக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியவை போகிற போக்கில் நீங்கள் எழுதிய இரண்டு பிறந்த தேதிகள். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், சில விதிவிலக்குகள் தவிர, பிறப்பால் இந்தியக் குடிமகன். இதை 1955-ம் வருடக் குடியுரிமைச் சட்டம் சொல்கிறது. உங்கள் பெயின்டரின் மனைவி 1984-ல் மண்டபத்தில் பிறந்தவர். முகாமில் பிறந்தால் அது இந்திய மண் இல்லையா? 1986-ல் அதே மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இந்தக் கேள்வியோடு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். அவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல் உத்தரவு வந்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார்.

மகள் விஷயம் இன்னும் சுவாரசியமானது. 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன்பு வரை இங்கே பிறந்தவருக்கு, தாய் தந்தையில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும். அவள் பிறந்தது 2004 ஆகஸ்ட். தாயின் பிறப்பை நிரூபிக்க முடிந்தால், பொய் சொல்லி வாங்க நினைத்த பாஸ்போர்ட்டை அவள் உரிமையோடு கேட்கலாம். பொய்யான சொந்தக்காரியாகப் போனால், கையில் இருக்கும் நியாயமான வழக்கையும் அவளே கெடுத்துக்கொள்வாள்.

அவளுடைய தம்பிக்கு இந்த வழி இல்லை. 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருப்பதோடு, மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது. தந்தை பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்தவர். கரையில் இறங்கியவரை அரசாங்கமே பதிந்து, முகாமில் வீடு கொடுத்து, மாதாமாதம் உதவித்தொகையும் கொடுத்துக்கொண்டு, ஏட்டில் மட்டும் சட்டவிரோதக் குடியேறி என்று வைத்திருக்கிறது. ஒரே வயிற்றில் பிறந்த அக்காள் குடிமகள், தம்பி அந்நியன். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஆரோவில்லில் விசா வாங்கி வந்த வெளிநாட்டார் ஆண்டுக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களை யாரும் முகாமில் வைப்பதில்லை.

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த கிறிஸ்தவர்களையும் இந்துக்களையும் சேர்த்தது. இலங்கையைச் சேர்க்கவில்லை. 2025 செப்டம்பரில் மத்திய உள்துறை ஓர் ஆணை போட்டது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்மீது, ஆவணமில்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை கிடையாது. நல்ல காரியம்தான், ஆனால் தண்டனை இல்லை என்பதும் குடியுரிமை உண்டு என்பதும் ஒன்றல்ல. அந்தப் பையனைத் தடுக்கும் விதி மாற வேண்டுமென்று எம்.பி.க்கு எழுதுவதில் உங்கள் தம்பி கையெழுத்துப் போடட்டும். உரோமையர் 13 அதைத் தடுக்கவில்லை.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மனைவியின் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று பெயின்டரிடம் கேளுங்கள். இல்லையென்றால் மண்டபத்தில் அந்தப் பிறப்பு பதிவாகியிருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். முகாம் குடும்பப் பதிவு, பள்ளி மாற்றுச் சான்றிதழ் எதையும் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள். விழுப்புரம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். தாயும் மகளும் போகட்டும், ஒருநாள் சைட் வேலையை விட்டுவிட்டு நீங்களும் கூடப் போங்கள். சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் இலங்கைக் குடியுரிமை கேட்டு எழுதும் யோசனை இருந்தால், வழக்கறிஞரைக் கேட்காமல் தாயோ மகளோ எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. அது இந்திய உரிமையைப் பாதிக்கக்கூடும். ஏஜென்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தால், அதை முதலில் திருப்பி வாங்கச் சொல்லுங்கள்.