ஆங்கிலம் பேசுவோம்: அழுத்தம் எங்கே விழுகிறது?



காலையில் ஆட்கள் கூடும் இடத்தை நாம் பெரட்டுக்களம் என்கிறோம். இந்தப் ‘பெரட்டு’, ‘பரேட்’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. துரைமார் அதைச் சொல்லும்போது முதல் எழுத்தை லேசாக விழுங்கி, ‘ரேட்’ என்பதைத்தான் ஓங்கிச் சொல்வார்கள். நம்ம பாட்டன் பூட்டன் இதை அகராதியில் படிக்கவில்லை, காதால் கேட்டுப் பிடித்தார்கள். காதால் கேட்பதும் அகராதியில் இருப்பதும் எங்கே ஒன்றாகும், எங்கே மாறும் என்பதே இந்த முறை பாடம்.

1. ஒரு சொல், ஒரு அழுத்தம்

‘ப-து-ளை’ என்று சொல்லிப் பாருங்கள். மூன்று அசைக்கும் ஏறக்குறைய ஒரே பலம்தான். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ஒரு அசை ஓங்கும், மற்றவை தேயும். ஓங்கும் அசைக்கு முன்னால் அகராதியில் மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும். நாம் ‘ஹோட்டல்’ என்கிறோம், அகராதி ஹோˈடெல் என்கிறது. நாம் ‘பொலிஸ்’ என்கிறோம், அங்கே பˈலீஸ்.

அழுத்தம் மாறினால் பொருளும் மாறும். ˈரெக்கோட் என்றால் பதிவேடு, ரிˈகோட் என்றால் பதிவு செய்வது. ˈபேமிட் என்றால் அனுமதிப் பத்திரம், பˈமிட் என்றால் அனுமதிப்பது.

2. பேச்சில் மாறும் இடம்

அகராதி ஒரு சொல்லைத் தனியாக நிறுத்திக் காட்டுகிறது. பேச்சில் சொற்கள் கூட்டமாக வரும். ‘தேர்ட்டீன்’ (13) என்பதைத் தனியே சொன்னால் கடைசி அசை ஓங்கும், ‘தேர்ட்டி’ (30) என்றால் முதல் அசை. ஆனால் ‘தேர்ட்டீன் கிலோஸ்’ என்று சேர்த்துச் சொல்லும்போது இங்கிலீஷ்காரரே அழுத்தத்தை முன்னுக்குக் கொண்டுவந்துவிடுவார். அப்போது 13 கிலோவும் 30 கிலோவும் காதில் ஒண்ணு போலத்தான் விழும்.

கொழுந்து நிறை, சம்பளம், மருந்தின் அளவு எதுவானாலும் இதில் தவறக்கூடாது. 15க்கும் 50க்கும் இதே சிக்கல்தான். ஆகவே கூச்சப்படாமல் திருப்பிக் கேளுங்கள்: “ஒன் ஃபைவா, ஃபைவ் சீரோவா?” ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுவோரும் சந்தேகம் வந்தால் இப்படித்தான் கேட்பார்கள்.

இன்னொன்று. ‘ஐ கேன் கம்’ என்பதில் ‘கேன்’ தேய்ந்து ‘க்ன்’ ஆகிவிடும். ‘முடியாது’ என்னும் ‘காண்ட்’ மட்டும் அழுத்தமாக வரும். நாம் ‘கேன்’ என்பதை ஓங்கிச் சொன்னால், கேட்பவர் சில வேளை ‘முடியாது’ என்றே எடுத்துக்கொள்வார். எல்ல, ஹப்புத்தளைப் பக்கம் ஹோட்டல் வேலைக்கும் வழிகாட்டி வேலைக்கும் போகிற பிள்ளைகள் இதை மனதில் வையுங்கள்.

3. அகராதி யாருடைய பேச்சு?

டேனியல் ஜோன்ஸ் என்பவர் 1917இல் ஆங்கில உச்சரிப்பு அகராதி ஒன்றை வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்டது தென் இங்கிலாந்தில், பெரிய விடுதிப் பள்ளிகளில் படித்த குடும்பங்களின் பேச்சு. ஜோன் வெல்ஸ் என்ற பேராசிரியர், 1990இல் வெளிவந்த தம் அகராதிக்காக மக்களிடமே கேட்டுப் பார்த்தார். ‘கொன்ட்ரவர்சி’ என்ற சொல்லில் அழுத்தம் எங்கே என்பதில் பிரிட்டிஷ்காரரே இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றார்கள். இலங்கை ஆங்கிலத்துக்கென்றே மைக்கேல் மெய்லர் 2007இல் ஓர் அகராதி வெளியிட்டார்.

சிங்களத்தில் இங்கிலீஷுக்கு ‘கடுவ’, அதாவது வாள், என்றொரு பட்டப்பெயர் உண்டு. இந்த வாளுக்குப் பயந்து, “தப்பா சொன்னா சிரிச்சுருவாங்க” என்று வாய் திறக்காத பிள்ளைகள் நம்ம லயங்களில் எத்தனை பேர்! அழுத்தம் படிப்பது துரை மாதிரிப் பேசுவதற்கு இல்லை. நாம் சொல்வது மற்றவருக்கு விளங்கவும், அவர் சொல்வது நமக்கு விளங்கவும்தான். சம எடையோடு பேசும் நம் இலங்கை ஆங்கிலத்தில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

வீட்டில் செய்து பாருங்கள்

- மேசையில் விரலால் தட்டிக்கொண்டே சொல்லுங்கள். கோடு உள்ள அசைக்கு மட்டும் பலமாகத் தட்ட வேண்டும்: கˈமிட்டி, ˈஃபெக்ட்ரி, ஹோˈடெல்.
- ஒருவர் 13, 30, 14, 40, 15, 50 என்று கலந்து சொல்லட்டும், மற்றவர் எழுதட்டும். பிறகு ‘கிலோஸ்’ சேர்த்துச் சொல்லுங்கள். எத்தனை சரி என்று பாருங்கள்.
- வானொலியில் ஆங்கிலச் செய்தி கேட்கும்போது, ஓங்கி விழும் ஐந்து சொற்களைக் குறித்து வையுங்கள்.

படிச்ச பிள்ளைகள் அம்மா அப்பாவுக்கும் சொல்லிக் கொடுங்கள்.