வீட்டுக் கணினிகளுக்கிடையே கோப்பு ஊர்வது ஏன்?

எங்கள் மண்ணூரிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் தொழிற்சாலைதான். ஸ்ரீபெரும்புதூரில் டெல் நிறுவனம் 2007-ஆம் ஆண்டிலேயே கணினி செய்யத் தொடங்கிற்று. ஒரகடத்தில் நோக்கியா நிறுவனம் தொலைத்தொடர்புக் கருவிகளைச் செய்கிறது. இத்தனைக்கும் நடுவில் வாழ்ந்தும், கீழ்வீட்டுக் கணினியிலிருந்து மாடிக் கணினிக்கு ஒரு கோப்பு போய்ச் சேர ஏன் அரை நாள் ஆகிறது என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். நாங்களும் அப்படி விழித்தவர்கள்தாம்.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் மாமாவின் பழைய கணினிக்குள் ‘டிக் டிக்’ என்று ஓசை கேட்கத் தொடங்கியது. மாமா பல ஆண்டுகள் கல்யாணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் வீடியோ எடுத்தவர். “ஹார்டு டிஸ்க் இன்றைக்கோ நாளைக்கோ போய்விடும்” என்று பழுது பார்ப்பவர் சொல்லிவிட்டார். உள்ளே 200 ஜி.பி. அளவுக்குப் படங்கள். அவற்றுள் ஒன்றில், மறைந்துபோன எங்கள் ஆயா ஏழு நிமிடம் பேசுகிறார்கள். ஆயாவின் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை.

வீட்டில் இருந்த பென் டிரைவோ 16 ஜி.பி.தான். ஆகவே ரூட்டர் வழியாக மாடிக் கணினிக்கு அனுப்ப முனைந்தோம். முதலில் வைஃபையில் அனுப்பினோம். திரையில் விநாடிக்கு 3 மெகாபைட் என்று காட்டியது. கணக்குப் போட்டுப் பார்த்தால் பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல்! கோடைக்காலத்தில் எங்கள் தெருவில் அவ்வளவு நேரம் மின்சாரம் நிற்காமல் வரும் என்று யார் உறுதி சொல்வது?

வைஃபை அலைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டும். ஆனால் அதே அலைவரிசையில்தான் பக்கத்து வீட்டு ரூட்டரும் புளூடூத்தும் இயங்குகின்றன, மைக்ரோவேவ் அடுப்பும் அதில் குறுக்கிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. சுவர் அதற்கு ஆகாது. மேலும் இரு கணினிகளும் வைஃபையில் இருந்தால் ஒரே செய்தி ரூட்டருக்கு ஒரு முறை, அங்கிருந்து மற்றதற்கு ஒரு முறை என இரண்டு தடவை காற்றில் செல்ல வேண்டும். வேகம் குறையாமல் என்ன செய்யும்?

பரணில் கிடந்த கேபிளை எடுத்து மாட்டினோம். வேகம் 11 மெகாபைட்டுக்கு ஏறியது. அதோடு நின்றுவிட்டது. 11-க்கு மேல் ஏறவுமில்லை, கீழே இறங்கவுமில்லை. “கேபிள் போட்டாயிற்று, இனி நம் கையில் என்ன இருக்கிறது?” என்றார் அப்பா. எங்களுக்கோ அந்த 11-தான் உறுத்தியது.

வலையின் வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள். கோப்பின் அளவையோ மெகாபைட்டில் சொல்வார்கள். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட்டே. அதில் முகவரி முதலிய கூடுதல் செய்திகளுக்கும் சற்றுப் போக, கைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 11. எனவே 11 என்று கண்டால் பாதையில் எங்கோ 100 மெகாபிட் தடை இருக்கிறது என்று ஐயுறலாம். ஈதர்நெட் என்னும் இம்முறையை 1973-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் உருவாக்கத் தொடங்கியபோது வேகம் 3 மெகாபிட்டுக்கும் சற்றுக் குறைவு. 1995-இல் 100 ஆயிற்று. 1999-இல் சாதாரணச் செம்புக் கேபிளிலேயே 1000 ஆயிற்று. எங்கள் இரு கணினிகளும் ரூட்டரும் 1000 வகையே. ஆனால் கணினியின் நெட்வொர்க் விவரப் பக்கத்தைத் திறந்தால் மாடியில் 100 என்றிருந்தது, கீழே 1000. ஆகவே குறை மாடிக் கேபிளில்.

அக்கேபிளுக்குள் எட்டு மெல்லிய கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு ஜோடிகளாக இருக்கும். முறுக்குவது அழகுக்காக அன்று. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரு கம்பியிலும் ஒன்றுபோல் விழுந்து நீங்கிவிடும். 1881-இல் தொலைபேசிக்காக இந்த முறுக்குக்குக் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். 1000-க்கு நான்கும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் பெரும்பாலான கருவிகள் சொல்லாமல் கொள்ளாமல் 100-க்கு இறங்கிவிடும். இணைப்பு அறுவதில்லை, விளக்கும் எரிகிறது, அதனால்தான் ஏமாந்துவிடுகிறோம்.

கேபிளை விரலால் தடவிக்கொண்டே வந்தோம். நடுவில் எலி கடித்த தடம்! பழுப்பு நிறக் கம்பி ஒன்று துண்டாகியிருந்தது. தண்டலத்தில் புதிய கேபிள் வாங்கி வந்து மாட்டியதும் 80 மெகாபைட். அதற்குமேல் போகாததற்குக் காரணம் வலை அன்று. பழைய டிஸ்க் படிக்கும் வேகம் அவ்வளவே.

எனினும் புகைப்பட அடைவு வந்ததும் வேகம் மீண்டும் 15-க்கு விழுந்தது. பதறிவிட்டோம். பிறகுதான் விளங்கிற்று. ரேஷன் கடையில் ஒருவர் வந்து பத்து மூட்டையை வாங்கிப் போவதற்கும், நூறு பேர் வரிசையில் நின்று ஆளுக்கொரு கார்டை நீட்டிக் கொஞ்சங்கொஞ்சமாக வாங்குவதற்கும் உள்ள வேறுபாடே அது. ஒவ்வொரு சிறு கோப்புக்கும் பெயர் எழுதி, திறந்து, மூட வேண்டுமன்றோ?

ஒன்றேகால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. இரண்டு கல்யாணப் படங்கள் மட்டும் பாதியில் நின்றுவிட்டன. டிஸ்க்கில் அப்பகுதி தேய்ந்துவிட்டது. மாமா அந்த வீட்டாருக்குச் சொல்லி வருத்தப்பட்டார். ஒன்பதாம் நாள் அக்கணினி எழவே இல்லை. அன்றிரவு மாடியில் எல்லாரும் உட்கார்ந்து ஆயா பேசும் ஏழு நிமிடத்தைக் கேட்டோம். அம்மா அதை மறுபடியும் போடச் சொன்னார்கள்.