நம் ரத்தமே மருந்தாகுமா?

கேள்வி: உடம்பிலுள்ள டி செல்களைக் கொண்டே புற்றுநோயைக் குணப்படுத்துகிறார்களாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். ஆனால் எல்லாப் புற்றுநோய்க்கும் அல்ல. நோயாளியின் ரத்தத்திலிருந்து, நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்களைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் புது மரபணு ஒன்றைச் சேர்க்கிறார்கள். பெருக்கி மறுபடி உடலில் ஏற்றியதும், சிடி19 போன்ற புரதம் உள்ள புற்றணுக்களை அவை தேடித் தாக்கும். இதுதான் கார்-டி சிகிச்சை.

2012-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 6 வயது எமிலி வைட்ஹெட்டுக்கு இதைக் கொடுத்தார்கள். ரத்தப் புற்றுநோய் இரண்டு முறை திரும்பிய குழந்தை. செல்கள் போரிட்ட வேகத்தில் கடும் காய்ச்சல் கண்டு, வென்டிலேட்டர் வரை போய்விட்டாள். பரிசோதித்தால், ரத்தத்தில் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6 என்ற புரதம் எகிறியிருந்தது. இந்தச் சிகிச்சையின் ஆய்வாளர் கார்ல் ஜூனின் மகளுக்கு மூட்டுவாதம் இருந்ததால், அந்நோய்க்குத் தரப்படும், இன்டர்லூக்கின்-6-ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்தை அவர் அறிந்திருந்தார். கொடுத்தார்கள், சிறுமி பிழைத்தாள். அன்று அது கைகொடுக்காமல் போயிருந்தால் இந்த ஆராய்ச்சியே முடங்கியிருக்கலாம்.

மும்பை ஐஐடியும் டாடா நினைவு மையமும் உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சை 2023-இல் இந்தியாவில் அனுமதி பெற்றது. செலவு அமெரிக்காவைவிட வெகு குறைவு. அப்படியும் பல லட்சம் ரூபாய். மார்பகம், நுரையீரல் போன்ற உறுப்புகளில் வரும் புற்றுக்கட்டிகளுக்குக் கார்-டி இன்னும் ஆய்வு நிலையில்தான். அதனால், இதை நம்பி நடக்கும் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.