சுவரும் சுகாதாரமும்

தைப்பொங்கலுக்கு முன் இல்லங்களுக்கு வெள்ளையடிக்கும் வழக்கத்தை நாம் அறிவோம். அது அழகு தருவதோடு அமையாது. நீற்றிய சுண்ணாம்பு வலிய காரம், அதன் பீ.எச். பெறுமானம் 12க்கு மேற்பட்டது. அந்நிலையிற் பெரும்பாலான கிருமிகளும் பூஞ்சணங்களும் பிழைத்தலரிது. ஆயின் வளியிலுள்ள காபனீரொட்சைட்டு அப்பூச்சினைப் படிப்படியாகக் கல்சியங் காபனேற்றாக மாற்றிவிடும். காரங் குன்றக் காவலுங் குன்றும். ஆதலினாலேயே மறுபூச்சு வேண்டப்படுகின்றது.

கதவுக் கைபிடி போன்றவற்றுக்குச் செம்பு நீடித்த காவலாகும். 2008ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுற்றாடற் பாதுகாப்பு நிறுவனம் செப்புக் கலப்புலோகங்கள் சிலவற்றைக் கிருமிகொல்லிப் பரப்புகளாகப் பதிவு செய்தது. முறையாகத் துப்புரவு செய்து வரின், குறித்த சில பற்றீரியாக்களில் நூற்றுக்கு 99.9 பங்கினை இரண்டு மணித்தியாலத்துள் அவை அழிக்கும். அழுக்கு மூடினாற் செம்பும் செயல் குன்றும்.

ஆகவே, மாணவர்காள், வகுப்பறைச் சுவரையும் செம்பையும் நம்பி, துடைப்பத்தையும் கைகழுவுதலையும் மறவாதிருப்போமாக.