மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்கலாமா?

கேள்வி: என் மயினிக்கு 52 வயது. மார்பில் சின்னக் கட்டி. ஊசிவழி சதை எடுத்துப் பார்த்ததில் தொடக்கநிலைப் புற்று என்கிறார்கள். மார்பையே எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் தூக்கமில்லை. கத்தி வைக்காமல் கட்டியை உறையவைத்தே அழிக்கலாமாமே?
— வாசகி ஒருவர், தக்கலை

பதில்: மார்பை முழுவதும் எடுத்தால்தான் உயிர் தப்பும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பினார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க மருத்துவர் ஹால்ஸ்டெட் நெஞ்சுத் தசையையும் சேர்த்தே அகற்றினார். அந்த நம்பிக்கையை அசைத்தவர்கள் இத்தாலியின் வெரோனேசியும் அமெரிக்காவின் பெர்னார்ட் ஃபிஷரும். 1970களில் அவர்கள் தொடங்கிய ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002இல் வெளியாயின. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெற்றவர்களும் மார்பை இழந்தவர்களும் ஒரே அளவில்தான் உயிர்வாழ்ந்தார்கள்.

மயினியிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

கதிர்வீச்சை மட்டும் விட்டுவிடக் கூடாது. ஊரில் 'கரண்டு வைக்கிறது' என்பார்களே, அதுதான். அதற்குப் பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. ஃபிஷரின் ஆய்வில், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெறாத பெண்களில் 100க்கு 39 பேருக்கு அதே மார்பில் புற்று திரும்பியது. பெற்றவர்களில் 14 பேருக்குத்தான். ஒரே மார்பில் பல இடங்களில் புற்று இருந்தாலோ, மார்பின் அளவுக்குக் கட்டி பெரிதாக இருந்தாலோ முழு அறுவை தேவைப்படலாம்.

அக்குளிலும் வெட்டு குறைந்திருக்கிறது. முன்பு அங்குள்ள நெறிகளை (நிணநீர்க் கணுக்களை) மொத்தமாக எடுத்ததால் பலருக்குக் கை வீங்கியது. இப்போது நீலச் சாயம் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் நெறிகளை மட்டும் எடுத்துப் பார்க்கிறார்கள். அவற்றில் புற்று இல்லையென்றால் மற்றவற்றைத் தொடுவதில்லை.

உறையவைக்கும் முறையும் உண்மைதான். ஊசியைக் கட்டிக்குள் செலுத்திக் கடுங்குளிரால் அழிப்பார்கள். அமெரிக்காவில் 194 பேரிடம் நடந்த ஆய்வில் 5 ஆண்டுகளில் 100க்கு சுமார் 4 பேருக்கே அதே மார்பில் புற்று மீண்டும் வந்தது. ஆனால் அவர்கள் எல்லோரும் 60 வயதைக் கடந்தவர்கள், கட்டி 1.5 சென்டிமீட்டருக்கு மேல் இல்லை; வகையும் மெதுவாக வளர்வது. 52 வயது மயினி இதற்காகக் காத்திருந்து நாளைக் கடத்த வேண்டாம்.

நம் நாட்டுச் செய்தி ஒன்றும் உண்டு. பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போடும் லிக்னோகெயின் மருந்தை, அறுவைக்குச் சற்று முன் கட்டியைச் சுற்றிச் செலுத்திப் பார்த்தது மும்பை டாடா நினைவு மருத்துவமனை. ராஜேந்திர பட்வே தலைமையில் 11 மையங்களில் 1,583 பெண்களிடம் நடந்த ஆய்வு இது. 6 ஆண்டுகள் உயிரோடிருந்தவர்கள் 86 சதவீதத்திலிருந்து 90 ஆக உயர்ந்தார்கள். மருந்தின் விலை 100 ரூபாய்கூட இல்லை. 2023இல் வெளியான இந்த முடிவைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

இவையெல்லாம் கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால்தான் சாத்தியம். பக்கத்துத் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2006இல் தொடங்கிய ஆய்வில் 1 லட்சத்து 15 ஆயிரம் பெண்கள் இருந்தார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் தொட்டுப் பரிசோதித்த பகுதிகளில், தொடக்கநிலையிலேயே அகப்பட்ட புற்று மற்ற பகுதிகளைவிட இருமடங்குக்கு மேல். தமிழக அரசு 2023 நவம்பரில் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தை முன்னோட்டமாகத் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் உங்கள் கன்னியாகுமரியும் ஒன்று. மயினியோடு மருத்துவமனைக்கு அலைகிற நீங்களும், வீட்டில் 30 வயது தாண்டிய மற்றப் பெண்களும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மயினியின் உடன்பிறந்த பெண்களும் மகளும் இந்த நோயைப் பற்றி மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும்.