டம்ளரின் அடியைத் திருப்பிப் பாருங்கள்

காரமடை வட்டாரத்தில் பாத்திரக் கடையும் பழைய சாமான் கடையும் நடத்தும் நம் வணிகர்கள் அவ்வப்போது பழைய கண்ணாடி டம்ளர்களை மொத்தமாக எடுக்கிறார்கள். குன்னூர், உதகை பங்களாக்களைக் காலி செய்யும்போது இறங்கும் சரக்கும் அதில் உண்டு. நல்ல உருப்படியை எடைக்குப் போட்டாலும் நஷ்டம். "நூறு வருஷச் சரக்குங்க" என்ற பேச்சை நம்பி விலை கொடுத்தாலும் நஷ்டம். ஆகவே அடிக்குறிகளைப் பற்றி இங்கே பார்ப்போம்.

முதலில் அது அச்சில் அழுத்திய கண்ணாடிதானா என்று தெரிய வேண்டும். உருகிய கண்ணாடியை இரும்பு அச்சில் விட்டு, உலக்கை போன்ற பாகத்தை மேலிருந்து இறக்கி அழுத்துவார்கள். ஆகவே வெளியே பட்டையும் பூவும் இருந்தாலும் உட்புறம் வழவழப்பாக இருக்கும். அச்சு சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஓடும். குறியையும் அச்சிலேயே வெட்டுவதால் அது புடைப்பாக விழும். கழுவித் துடைத்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் தெரியும். அப்படியும் தெரியாவிட்டால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்க்கலாம்.

நம் கைக்கு வருவதில் வதோதராவின் அலெம்பிக் குழுமத்தார் கொண்டுவந்த 'யெரா' சரக்கில் பெயரே இருக்கும். பிரோசாபாத் சிறு உலைகளின் டம்ளர்கள் பலவற்றில் ஒன்றும் இராது. மயில் தலை இருந்தால் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரத்துச் சோவர்பி. அக்குறி 1876-இல் பதிவானது. நங்கூரத்தின்மேல் 'ஹெச்' எழுத்து அமெரிக்காவின் ஆங்கர் ஹாக்கிங். அந்த நிறுவனமே 1937-இல்தான் உருவாயிற்று. அதற்கு முந்தையது என்றால் நம்ப வேண்டாம்.

இனிதான் ஏமாறும் இடம். குறி ஆளைச் சொல்லும், வயதைச் சொல்லாது. பிரான்சின் டுராலெக்ஸ் டம்ளரின் அடியில் இருக்கும் எண் அச்சின் எண், வருடம் அல்ல. பழைய ஆங்கிலேயச் சரக்கில் சாய்சதுர முத்திரை இருந்தால் அந்த வடிவம் 1842-க்கும் 1883-க்கும் இடையே பதிவானது. 1884 முதல் வெறும் பதிவு எண் போட்டார்கள். 1900-இல் அது சுமார் மூன்றரை லட்சத்தைத் தொட்டது. இரண்டும் வடிவம் பதிவான காலமே. அதே அச்சில் பிறகு பல வருடம் வார்த்திருக்கலாம். அச்சு கைமாறுவதும் உண்டு. சாய்சதுரத்துக்குள் 'ஹெச்' போட்ட அமெரிக்க ஹெய்சி ஆலை 1957-இல் மூடியது. அடுத்த வருடம் அச்சுகளை வாங்கிய இம்பீரியல் நிறுவனம் அந்தக் குறியோடே சில காலம் சரக்கு விட்டது.

வயதுக்கு அடிவிளிம்பின் தேய்மானம் ஓரளவு உதவும். புழங்கித் தேய்ந்த கீறல்கள் பல திசையில் ஓடும். உப்புத்தாளால் தேய்த்தவை ஒரே திசையில் வரிசையாக நிற்கும்.

பில்லில் வயது எழுதுவதில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி நூறாண்டுக்குக் குறையாத கலை, கைவினைப் பொருள்கள் தொல்பொருள் வரையறைக்குள் வரக்கூடும். தொல்பொருள் வணிகத்துக்கு உரிமம் வேண்டும். வியாபாரம் சூடு பிடிக்கட்டும் என்று '150 வருடப் பழமை' எனப் போடுகிறவர் வாங்கியவரிடமும் அதிகாரிகளிடமும் பதில் சொல்ல வேண்டி வரும். 'அழுத்து கண்ணாடி டம்ளர், அடியில் மயில் தலைக் குறி, விளிம்பில் சிறு சில்லு' என்று கண்டதை மட்டும் எழுதினால் போதும்.