கணக்கு இருந்தால் கலக்கம் இல்லை

புனே நகரில் கட்கி என்று ஒரு பகுதி இருக்கிறது. ராணுவத்துக்குத் தோட்டா செய்யும் தொழிற்சாலை அங்கே உள்ளது. 1869-ஆம் ஆண்டில் தொடங்கிய தொழிற்சாலை அது. வேலை தேடித் தமிழ்நாட்டிலிருந்து பல குடும்பங்கள் கட்கிக்கு வந்தன. அங்கேயே தங்கிவிட்டன. அந்த வீடுகளின் பிள்ளைகள் தமிழும் பேசுவார்கள். மராத்தியும் பேசுவார்கள்.

கட்கியில் ஓர் அக்கா இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் தன் வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். இப்படிப்பட்ட வீட்டை மராத்தியில் 'பாள்ணாகர்' என்பார்கள். தொட்டில் வீடு என்று பொருள். காலையில் ஆறு குழந்தைகள் வருவார்கள். மாலை வரை இருப்பார்கள். அக்கா சோறு ஊட்டுவார். தூங்க வைப்பார். பாட்டும் எண்ணும் எழுத்தும் சொல்லித் தருவார். குழந்தைகள் அவரை 'மாவ்ஷி' என்று கூப்பிடுவார்கள். மராத்தியில் மாவ்ஷி என்றால் அம்மாவின் உடன்பிறந்தவள். ஒரு குழந்தைக்கு மாதம் 2,000 ரூபாய் கட்டணம்.

அக்கா சிறு வயதில் பள்ளிக்குப் போனதில்லை. சென்ற ஆண்டுதான் எழுதப் படிக்கக் கற்றார். அதனால் கணக்கு எல்லாம் மனதில்தான் இருந்தது.

ஒரு நாள் வந்த சண்டை

ஜூலை மாதக் கடைசி. ஒரு குழந்தையின் அம்மாவிடம் அக்கா கேட்டார்:

"ஜூன் மாதப் பணம் இன்னும் வரலையேம்மா?"

"கொடுத்தாச்சே அக்கா! எங்க வீட்டுக்காரர் காலையில வேலைக்குப் போறப்போ உங்க கையிலதானே கொடுத்தார்?"

"அது மே மாதப் பணம் இல்லையா?"

"இல்லவே இல்லை. அப்ப நாங்க பொய் சொல்றோமா?"

"நான் மட்டும் பொய் சொல்வேனா?"

பேச்சு வளர்ந்தது. இருவருக்கும் கண் கலங்கியது. மறுநாள் அந்தக் குழந்தை வரவில்லை. அதன் அம்மா துணிக்கடையில் வேலை பார்ப்பவர். குழந்தையை விட வேறு இடம் இல்லை. அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. குழந்தையோ 'மாவ்ஷி வீட்டுக்குப் போகணும்' என்று அழுதது.

இருவரும் நல்லவர்கள். இருவரும் உண்மை என்று நினைத்ததையே சொன்னார்கள். பிறகு ஏன் சண்டை வந்தது? கொடுத்ததற்கும் எழுத்து இல்லை. வாங்கியதற்கும் எழுத்து இல்லை.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். தொழிற்சாலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். அக்கா அவரிடம் போய் வருத்தப்பட்டார்.

"ஏம்மா, நீ ரசீது கொடுப்பதில்லையா?" என்று கேட்டார் பெரியவர்.

"பழகினவங்ககிட்ட எப்படி ஐயா ரசீது கொடுக்கிறது? நம்பிக்கை இல்லைன்னு நினைக்க மாட்டாங்களா?"

"ரசீது நம்பிக்கையைக் கெடுக்காதும்மா. அதைக் காப்பாற்றும். மறதி எல்லோருக்கும் உண்டு. காகிதத்துக்கு மறதி கிடையாது."

ரசீதில் என்ன எழுத வேண்டும்?

மராத்தியில் ரசீதைப் 'பாவ்தி' என்பார்கள். எழுதுபொருள் கடையில் ரசீதுப் புத்தகம் கிடைக்கும். ஒவ்வொரு தாளிலும் எண் அச்சிட்டிருக்கும். இரண்டு தாள்களுக்கு நடுவே கார்பன் தாள் வைத்து எழுத வேண்டும். மேல் தாள் பணம் கொடுத்தவருக்கு. அடித் தாள் புத்தகத்திலேயே இருக்கும்.

ரசீதில் இவை கட்டாயம் இருக்க வேண்டும்:

1. ரசீது எண்
2. பணம் வாங்கிய நாள்
3. குழந்தையின் பெயர்
4. பணம் கொடுத்தவரின் பெயர்
5. எந்த மாதத்துக்கான பணம்
6. தொகை, எண்ணாலும் எழுத்தாலும்
7. ரொக்கமா, போன் வழியா, காசோலையா
8. மீதி இருந்தால் எவ்வளவு
9. வாங்கியவரின் கையெழுத்து

ஐந்தாவது வரியைக் கவனியுங்கள். அக்காவின் சண்டை அங்கேதான் வந்தது. பணம் வாங்கிய நாள் வேறு. அது எந்த மாதத்துக்கான பணம் என்பது வேறு. ஜூலை 5-ஆம் தேதி ஜூன் மாதப் பணம் வரலாம். இரண்டையும் எழுதினால் குழப்பம் வராது.

தொகையை ஏன் எழுத்தாலும் எழுத வேண்டும்? 2,000 என்பதில் ஒரு சுழி விட்டுப்போனால் 200 ஆகிவிடும். 'இரண்டாயிரம் ரூபாய் மட்டும்' என்று எழுதினால் அந்தத் தவறு நடக்காது.

எழுதும்போது பிழை வந்தால் தாளைக் கிழிக்கக் கூடாது. குறுக்கே கோடு போடுங்கள். 'ரத்து' என்று எழுதுங்கள். இரண்டு தாளும் புத்தகத்திலேயே இருக்கட்டும். நடுவில் ஓர் எண் காணாமல் போனால், அந்தப் பணம் எங்கே என்ற கேள்வி வரும்.

வருவாய் வில்லை எப்போது?

ஒருவர் மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கொடுக்கிறார். 6,000 ரூபாய். 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வாங்கினால், ரசீதில் ஒரு ரூபாய் வருவாய் வில்லை ஒட்ட வேண்டும். இதை ரெவின்யூ ஸ்டாம்பு என்றும் சொல்வார்கள். வில்லையின் மேலும் தாளின் மேலும் படும்படி கையெழுத்துப் போட வேண்டும். 1899-ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டத்தில் இந்த விதி உள்ளது. 5,000 ரூபாய் என்ற அளவு 2004-இல் வந்தது. அக்கா மாதம் வாங்குவது 2,000 ரூபாய்தான். அதற்கு வில்லை வேண்டாம். ரசீது மட்டும் போதும்.

போனில் பணம் வந்தால்?

யு.பி.ஐ. என்ற முறை 2016-இல் நம் நாட்டில் தொடங்கியது. இப்போது பலரும் போனிலேயே பணம் அனுப்புகிறார்கள். இதிலும் கவனம் வேண்டும்.

அனுப்பியவர் தன் போனைக் காட்டுவார். அதை மட்டும் பார்த்து ரசீது எழுதாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வந்ததா என்று உங்கள் போனில் பாருங்கள். பிறகு எழுதுங்கள். ஒவ்வோர் அனுப்புதலுக்கும் 12 இலக்க எண் ஒன்று உண்டு. அதையும் ரசீதில் எழுதுங்கள். சில நேரம் அப்பாவோ மாமாவோ பணம் அனுப்புவார். போனில் அவர் பெயர்தான் வரும். எந்தக் குழந்தைக்கு என்று அன்றே கேட்டு எழுதுங்கள்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையில்லை. 'பணம் அனுப்புகிறேன், ரகசிய எண்ணைப் போடுங்கள்' என்று யாராவது சொன்னால் போடாதீர்கள். அது ஏமாற்று வேலை.

கட்டணப் பேரேடு

ரசீது ஒரு நாளின் கதையைச் சொல்லும். மாதத்தின் கதையைச் சொல்ல ஒரு நோட்டு வேண்டும். அதுதான் கட்டணப் பேரேடு. ஒரு குழந்தைக்கு ஒரு வரி. வரவேண்டியது, வந்தது, மீதி, ரசீது எண் என்று நான்கு கட்டங்கள்.

அக்காவின் ஒரு மாதக் கணக்கு இப்படி இருக்கலாம்:

ஆறு குழந்தைகள். வரவேண்டியது 12,000 ரூபாய்.
நான்கு பேர் முழுப் பணம் கொடுத்தார்கள்: 8,000 ரூபாய்.
ஒருவர் பாதிக்கு மேல் கொடுத்தார்: 1,200 ரூபாய்.
ஒருவர் இன்னும் கொடுக்கவில்லை.
வந்தது மொத்தம்: 9,200 ரூபாய்.
மீதி: 2,800 ரூபாய்.

வந்ததையும் மீதியையும் கூட்டுங்கள். 12,000 வருகிறதா? வந்தால் கணக்குச் சரி.

மூன்று மாதப் பணம் முன்கூட்டியே வந்தால், அதை ஒரே மாதத்தில் எழுதக் கூடாது. மாதத்துக்கு 2,000 என்று பிரித்து எழுத வேண்டும். சேரும்போது வாங்கும் முன்பணத்தைத் தனிப் பக்கத்தில் எழுத வேண்டும். அது அக்காவின் பணம் இல்லை. குழந்தை நிற்கும்போது திருப்பித் தர வேண்டியது. திருப்பித் தரும்போது கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு வீட்டில் அப்பாவுக்கு வேலை போய்விட்டது. 'இந்த மாதம் 500 ரூபாய் குறைத்துக் கொடுங்கள்' என்று அக்காவே சொல்கிறார். நல்ல மனம்தான். ஆனால் அதையும் எழுத வேண்டும். விட்டுக்கொடுப்பது வேறு. மறந்துபோவது வேறு.

ஒரு வீட்டின் பாக்கியை இன்னொரு வீட்டாரிடம் சொல்லக் கூடாது. பேரேட்டை எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கக் கூடாது.

செலவும் எழுதுவோம்

வரவை மட்டும் எழுதினால் பாதிக் கணக்குத்தான். அக்கா ஒரு மாதச் செலவை எழுதிப் பார்த்தார்.

பால்: 1,500 ரூபாய்
அரிசி, பருப்பு, காய்கறி: 1,400 ரூபாய்
கேஸ்: 600 ரூபாய்
சோப்பு, துடைக்கும் துணி: 350 ரூபாய்
சிலேட்டு, பொம்மை: 250 ரூபாய்
மொத்தம்: 4,100 ரூபாய்

வரவு 9,200. செலவு 4,100. கையில் நின்றது 5,100 ரூபாய். அக்கா 26 நாள் உழைத்தார். ஒரு நாளுக்கு 196 ரூபாய்தான் வருகிறது!

அக்கா திகைத்துப்போனார். பாக்கி 2,800 ரூபாயும் வந்திருந்தால்? கையில் 7,900 ரூபாய் நின்றிருக்கும். ஒரு நாளுக்கு 303 ரூபாய்க்கு மேல். இத்தனை நாள் கை ஏன் கடித்தது என்று அப்போதுதான் புரிந்தது. கட்டணம் மட்டும் குறை இல்லை. வராத பணமும் ஒரு குறை.

எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்?

ரசீதுப் புத்தகம் தீர்ந்ததும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வேலை செய்த கூலிக்காக நீதிமன்றம் போவதானால் பொதுவாக மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் இப்படிச் சொல்கிறது. ஆகவே மூன்று ஆண்டாவது புத்தகங்களைப் பத்திரமாக வையுங்கள். மழைத் தண்ணீர் படாத இடத்தில் வையுங்கள்.

முதல் ரசீது

அக்கா அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனார்.

"ஜூன் மாதம் நடந்தது எனக்கும் சரியாத் தெரியலை, உங்களுக்கும் தெரியலை. எழுதி வைக்காதது என் தப்பு. ஆளுக்குப் பாதி ஏத்துக்குவோமா?"

அந்த அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே போய் 1,000 ரூபாய் எடுத்து வந்தார். அக்கா பையிலிருந்து புதிய ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். மெல்ல, எழுத்துக் கூட்டி எழுதினார். எண் 1. ஜூன் மாதம். ஆயிரம் ரூபாய் மட்டும். மீதி இல்லை. கீழே தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டார்.

அந்த அம்மா ரசீதை வாங்கிப் படித்தார். சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். மறுநாள் காலை குழந்தை ஓடி வந்து 'மாவ்ஷி' என்று காலைக் கட்டிக்கொண்டது.

இதே புனேயில் 1848-இல் சாவித்திரிபாய் புலேயும் அவர் கணவர் ஜோதிராவ் புலேயும் பெண்களுக்காகப் பள்ளி தொடங்கினார்கள். சாவித்திரிபாய் திருமணத்துக்குப் பிறகுதான் எழுதப் படிக்கக் கற்றார். பிறகு ஆசிரியர் ஆனார். கற்ற எழுத்தைப் பயன்படுத்துவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை. கதை எழுதினால்தான் எழுத்தா? ஒரு சிறு ரசீதும் எழுத்துதான்.

பதில் சொல்லுங்கள்

1. அக்காவுக்கும் அந்த அம்மாவுக்கும் ஏன் சண்டை வந்தது?
2. தொகையை எழுத்தாலும் எழுதுவது ஏன்?
3. பிழையான ரசீதை ஏன் கிழிக்கக் கூடாது?
4. போனில் பணம் வந்ததை எங்கே பார்த்து உறுதி செய்ய வேண்டும்?

செய்து பாருங்கள்

ஐந்து குழந்தைகள். ஆளுக்கு 1,500 ரூபாய். மூன்று பேர் முழுப் பணம் கொடுத்தார்கள். ஒருவர் 700 ரூபாய் கொடுத்தார். வரவேண்டியது எவ்வளவு? வந்தது எவ்வளவு? மீதி எவ்வளவு? ஒரு தாளில் பேரேடு போட்டு எழுதுங்கள். பிறகு 700 ரூபாய்க்கு ஒரு ரசீது எழுதுங்கள்.

புதிய சொற்கள்

பேரேடு: பெயர் வாரியாகக் கணக்கு எழுதும் நோட்டு
ரொக்கம்: கையில் கொடுக்கும் பணம்
முன்பணம்: சேரும்போது கொடுத்து, நிற்கும்போது திரும்பப் பெறும் பணம்
ரத்து: செல்லாது என்று ஆக்குவது